சூதைச் சூது என்று சொல்லுங்கள், விளையாட்டைத் திட்டாதீர்கள்

ஸ்ரீபெரும்புதூரில் மாலை நடைக்குப் போகும் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், சர்க்கரை, முழங்கால், பென்ஷன் என்று மூன்றையும் முடித்துவிட்டு நேராக இங்கே வந்து நிற்பார்கள்: "இந்தக் காலத்துப் பசங்களை கேம்தான் சார் கெடுத்துவிட்டது." உடனே எல்லாத் தலைகளும் ஆடும். என் தலை மட்டும் ஆடாது. எனக்கு வயது எழுபத்து நாலு. ஏறக்குறைய முப்பது வருடமாக நான் வீடியோ கேம் ஆடுகிறவன். ஆகவே இந்த வழக்கில் நான் எதிர்த்தரப்பு.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் என்ற ஒரே சாக்கில் நாம் இரண்டு வேறு வேறு சரக்கைக் கட்டி வைத்திருக்கிறோம். ஒன்று விளையாட்டு. மற்றது சூது. இரண்டையும் ஒன்றாகத் திட்டுவதால் சூதுக்கு ஒரு சேதமும் இல்லை. அது விளையாட்டின் முதுகுக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது.

போன வருடம் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாடி அறையில் ஐந்து பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். எல்லாரும் ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை. அதில் ஒரு பிள்ளை, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன், என்னைப் பார்த்தால் "வணக்கம் ஐயா" என்று நின்று சொல்லிவிட்டுத்தான் போவான். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவான், தூக்கம் வராது, போனில் ரம்மி. முதலில் சம்பளம் போயிற்று. பிறகு போனிலேயே கடன் கொடுக்கிற ஆப், பிறகு கூட இருந்தவர்களிடம் கைமாற்று, கடைசியில் தவணை கட்டி முடிக்காத பைக். ஒரு நாள் காலையில் பாயைக்கூடச் சுருட்டாமல் ஊருக்குப் போய்விட்டான்.

தெரு என்ன சொன்னது தெரியுமா? "ராத்திரி பகலா கேம் ஆடினான், அழிந்தான்." அதே சாயங்காலம் எதிர்வீட்டுத் தாத்தா, போனில் ஏதோ துப்பாக்கி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த பதினோரு வயதுப் பேரனின் முதுகில் ரெண்டு போட்டார். யோசித்துப் பாருங்கள். பணத்தைத் தின்றது ரம்மி. அடி வாங்கியது ஐந்தாம் வகுப்புப் பையன்.

அந்தப் பிள்ளை ஏன் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று பிறகு அவன் கூட்டாளி ஒருவனைக் கேட்டேன். "கேம்ல பணம் போச்சுன்னு எப்படி ஐயா சொல்றது? சிரிப்பாங்க" என்றான். கடனில் விழுந்தவனைத் தூக்கிவிட ஒரு கை வேண்டும். நாம் அவனுக்கு முன்கூட்டியே ஒரு கேலியைத் தயாராக வைத்திருக்கிறோம்.

இந்தக் குழப்பம் இரவல் சொல்லால் வந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'ழே' என்று ஒரு சொல். குழந்தை பொம்மை வைத்து ஆடுவதும் ழே, புதுச்சேரியில் இன்றும் பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி ஆடும் பெத்தாங்க்கும் ழே, சூதாட்ட விடுதியில் சொத்தை வைத்து ஆடுவதும் ழே. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் வால் சேர்க்க வேண்டும். பணம் வைத்தால் 'ழே தார்ழான்', அதிர்ஷ்டத்தை நம்பினால் 'ழே த அஸார்'. ஆங்கிலக்காரருக்கும் இதே கதிதான். கேமிங் என்றால் பிள்ளை விளையாட்டும் அதுதான், பணம் கட்டி ஆடுவதும் அதுதான்.

நமக்கு என்ன கேடு? தமிழில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு தனிச் சொல் இருக்கிறது. தருமன் நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் வைத்துத் தோற்றதை எந்தக் கதை சொல்லியும் விளையாட்டு என்று சொன்னதில்லை. நளன் தோற்றதும் சூதில்தான். வள்ளுவர் சூதுக்கு ஒரு தனி அதிகாரமே வைத்தார். எங்கே வைத்தார் பாருங்கள்: 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவில். விளையாட்டைத் திட்டி அவர் ஓர் அதிகாரம் எழுதவில்லை. இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த சொத்தை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் கேம் என்று இரவல் சொல்லைப் போட்டோம். விளம்பரம் செய்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? "சூது ஆட வாருங்கள்" என்று ஒரு நடிகர் தொலைக்காட்சியில் கூப்பிட முடியுமா?

"ரம்மி திறமை ஆட்டம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். உண்மைதான். 1967இல் ஆந்திர அரசு தொடுத்த ஒரு வழக்கில், ரம்மியில் திறமையின் பங்கே பெரும்பங்கு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நான் ஆயுசெல்லாம் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்த குமாஸ்தா. அதே தீர்ப்பில் இன்னொரு கருத்தும் இருக்கிறது: பணம் வைத்து ஆடும் ரம்மியில் ஆட்டம் நடத்தும் கிளப் லாபம் எடுத்தால், அது குற்றமாகலாம் என்கிறது. இந்தப் பாதியை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். சகுனிக்கு இல்லாத திறமையா? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம், காகிதம் பென்சில் போதும். ஆறு பேர், ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். மேஜையில் மொத்தம் 6,000. ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 என்றால் 600 சேரும். ஆட்டம் நடத்துகிறவர் நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார் என்று வையுங்கள். ஜெயித்தவனுக்கு 540, நடத்துகிறவருக்கு 60. ஐம்பது ஆட்டம் முடிந்தால் 3,000 ரூபாய் மேஜையை விட்டுப் போயிருக்கும். நூறு ஆட்டத்தில் ஆறாயிரமும் போயாயிற்று. யார் கெட்டிக்காரன், யார் மண்டு என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. மண்டு முதலில் காலியாவான், கெட்டிக்காரன் பிறகு காலியாவான். சீட்டைக் கையால் தொடாதவர் ஒருவரே நிச்சயமாக ஜெயிக்கிறார்.

சட்டமும் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. நம்மிடம் இருந்த பழைய சட்டம் 1930ஆம் வருடத்தது. 2021இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு, அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டசபை மறுபடி நிறைவேற்றியது என்று ஒரு பெரிய பரமபதமே நடந்து 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடையை மட்டும் நீக்கியது. அதன்பின் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லாமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் கூடாது என்று சட்டம் செய்தது. அதை எதிர்த்து வழக்குகளும் வந்தன. நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. அந்தச் சட்டம் ஆட்டங்களை மூன்றாகப் பிரிக்கிறது: போட்டியாக ஆடும் மின் விளையாட்டு, பொழுதுபோக்குக்கு ஆடும் ஆட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டம். முதல் இரண்டையும் வளர்க்க வேண்டும் என்கிறது, மூன்றாவதைத் தடுக்கிறது. டெல்லிக்குத் தெரிந்த வித்தியாசம் நம் தெருத் திண்ணைக்குத் தெரிய வேண்டாமா?

விளையாட்டு என்று நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எனக்கு என்றைக்கும் பிடித்த ஐந்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் இடம் நோக்கியா போனின் பாம்பு ஆட்டத்துக்கு. இதில் ஊர்ப் பாசமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஃபின்லாந்தில் தனேலி அர்மான்டோ என்ற பொறியாளர் எழுதி, 1997இல் நோக்கியா 6110 போனில் வந்தது. நாலு பட்டன், ஒரு பாம்பு, ஓர் இரை. இரை தின்னத் தின்னப் பாம்பு நீளும். கடைசியில் தன் வாலையே முட்டிச் சாகும். பேராசைக்கு இதைவிடச் சுருக்கமாக யாராவது பாடம் சொல்லியிருக்கிறார்களா? 2006இல் நோக்கியா நம் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கியது. நான் 2011இல் ஓய்வு பெற்று மகனோடு இங்கே வந்தபோது, ஷிப்ட் மாறும் நேரத்தில் சீருடைப் பெண்பிள்ளைகளை ஏற்றிய பஸ்கள் வரிசையாகப் போகும். 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. வரி வழக்கால் மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையை வாங்காமல் விட்டது நினைவிருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளின் கை பட்ட போனில் உலகமே பாம்பு விட்டு ஆடியிருக்கிறது. அந்த ஆட்டத்தால் கடன்பட்டவர் யாராவது உண்டா, சொல்லுங்கள்.

இரண்டாவது டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில் அறிவியல் கழகத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது. என்னைப் போல அரசாங்கச் சம்பளக்காரர். பல வருடம் உரிமை சோவியத் அரசிடம் இருந்ததால், உலகம் முழுக்க விற்றும் அவருக்கு ராயல்டி வரவில்லை. நாலு கட்டம் சேர்ந்த ஏழு வகைத் துண்டுகள் மேலிருந்து விழும். இடைவெளி இல்லாமல் ஒரு வரிசை அடுக்கினால் அது மறைந்துவிடும். அடுக்கத் தவறினால் குவியும். அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சரியாகச் செய்த வேலை கண்ணில் படாமல் மறையும், செய்யாத வேலைதான் மலையாக நிற்கும். 1989இல் வந்த டெட்ரிஸ் பதிப்பு ஒன்றை மனிதரால் கடைசி வரை ஆடி முடிக்கவே முடியாது என்று நினைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதிமூன்று வயதுச் சிறுவன் ஒருவன், இயந்திரமே திகைத்து நின்றுபோகும் வரை ஆடிக் காட்டினான். அந்தக் கவனத்துக்குப் பெயர் கெட்டுப்போவதா?

மூன்றாவது ஃப்ரீசெல். இதுவும் சீட்டுதான், கவனியுங்கள். சீட்டு என்றாலே சூது என்று நான் சொல்லவில்லை. 1990களின் நடுவில் எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது தட்டச்சு இயந்திரத்தில் கை பழகிய எங்களுக்கு மௌஸ் பிடிக்கத் தெரியாது. விண்டோஸில் 1990இலேயே சாலிடர் என்ற தனியாள் சீட்டாட்டத்தை வைத்திருந்தார்கள். மௌஸால் இழுத்து விடப் பழக்குவதற்கு அது நல்ல வழி. பிரெஞ்சில் இந்த வகை ஆட்டத்துக்குப் பெயரே பொறுமை. ஃப்ரீசெல் அதைவிட உயர்ந்தது. எல்லாச் சீட்டும் முதலிலேயே முகம் காட்டிக் கிடக்கும், ஒளிவுமறைவு கிடையாது. எண் போட்ட 32,000 ஆட்டங்கள். இணையத்தில் ஆர்வலர்கள் அத்தனையையும் பங்கு போட்டு ஆடிப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்றுதான் முடியவில்லை: எண் 11982. மற்றது எல்லாவற்றிலும் தோற்றால் குறை நம்முடையது. இதுதான் திறமை ஆட்டம். ரம்மி ஆப்காரர்கள் அந்தச் சொல்லை இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம்.

நாலாவது மரியோ. ஜப்பானின் மியாமோட்டோ வடிவமைத்து 1985இல் வந்தது. நம் வீடுகளுக்கு அந்த ஜப்பான் பெட்டியின் நகல்கள் 90களில் வந்தன. டிவியில் மாட்டி என் பிள்ளைகள் ஆடுவார்கள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானும் ஆடுவேன். ஒவ்வொரு கோட்டையாகத் தாண்டிப் போனால், இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் என்பார்கள். அரசு அலுவலகத்துக்கு வந்த பொதுமக்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

ஐந்தாவது 'வெண்பா'. பெயரைப் பார்த்துப் புலவர்கள் பயப்பட வேண்டாம். கனடாவில் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023இல் வெளியிட்ட வீடியோ கேம். தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, அவள் கணவன் பாவலன், தமிழிலிருந்து மெல்ல விலகிப்போகும் மகன் கவின். அவ்வளவுதான் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்புப் புத்தகம் அழிந்தும் கிழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். இதில் ஆட்டமே அதுதான். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி போகும் என்பது முதல் புதிர். பேரன் கம்ப்யூட்டரில் நான் யோசித்துக்கொண்டிருக்க, ஆயுளில் ஒரு கேம் தொடாத என் மனைவி பின்னால் நின்று விடையைச் சொல்லிவிட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடியும்போது வெளிநாட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கும் எந்தப் பெற்றோருக்கும் தொண்டை அடைக்கும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, அறிமுகப் படைப்புக்கான பிரிவில் இதற்குக் கிடைத்தது. தமிழ்ச் சமையலறைக்கு உலக மரியாதை வாங்கித் தந்தது ஒரு வீடியோ கேம். நம் திண்ணையில் ஒருவருக்கும் அந்தச் செய்தி தெரியாது.

எதிர்வாதமும் உண்டு. தூக்கத்தை விட்டு ஆடுகிறார்கள், படிப்பு போகிறது என்பீர்கள். உண்மை. உலக சுகாதார நிறுவனம் அளவுமீறிய ஆட்டத்தை ஒரு நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அளவு மீறினால் அமிர்தமும் நஞ்சு. அதற்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும், ஆட்டத்தின் மேல் சாபம் வேண்டாம். இலவச ஆட்டங்களுக்குள்ளேயே காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை நுழைத்திருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் பிள்ளைகள் காசு கட்டுகின்றன. பெல்ஜியம் 2018லேயே அதைச் சூது என்று சொல்லித் தடுத்தது. நானும் சூது என்றே சொல்கிறேன். துப்பாக்கியோ மரியோவோ எதுவானாலும், தெரியாத பெட்டிக்குக் காசு வாங்கினால் அது விளையாட்டுப் பந்தியில் உட்கார்ந்த சூதாடி. எழுப்பி அனுப்ப வேண்டும்.

நம் தலைமுறையின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கல்யாண மண்டபத்து மாடியில் விடிய விடிய பணம் வைத்துச் சீட்டாடியது யார்? முகூர்த்தத்துக்குக்கூட எழுந்து வராத மாமாக்கள் எந்தத் தலைமுறை? அதற்கு நாம் வைத்த பெயர் "சும்மா பொழுதுபோக்கு". பேரன் ஒரு பைசா செலவில்லாமல் பாம்பையோ மரியோவையோ ஓட்டினால் மட்டும் "உருப்பட மாட்டான்". ஏன் இந்த ஓரவஞ்சனை?

இந்த ஊரை நினைத்துப் பாருங்கள். ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை எங்கும் இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கை. அப்பா அம்மா பக்கத்தில் இல்லை, திரை அரங்கத்துக்குப் போக நேரம் பொருந்தாது, மைதானம் கிடையாது. ஷிப்ட் முடிந்த மனசு எங்கே போகும்? கையில் இருக்கும் போனுக்குத்தான் போகும். அங்கே போகாதே என்பது வெட்டிப் பேச்சு. எதை ஆடுகிறாய் என்று கேட்பதுதான் பெரியவர் வேலை.

ஆகவே ஒரே ஒரு கேள்வியைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்: "தம்பி, இதில் தோற்றால் என்ன போகும்?" "ஒண்ணும் போகாது தாத்தா, மறுபடி முதலிலிருந்து" என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு கை பாருங்கள், முழங்கால் வலி கொஞ்ச நேரம் மறக்கும். பதில் சொல்லத் தயங்கினால் அது சூது. அப்போது திட்டாதீர்கள், எவ்வளவு போயிற்று என்று அமைதியாகக் கேளுங்கள். இணையத்தில் பணம் ஏமாந்திருந்தால் புகார் எண் 1930, அந்தப் பழைய சூதாட்டச் சட்டத்தின் வருடமேதான், மறக்காது. மனம் உடைந்திருந்தால் 14416. உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுங்கள். படிக்கட்டுச் சுவரில் ஒட்டினாலும் சரி, எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறேன்.